மாற்றிக் கொடுத்த வாக்குத்தத்தம்

காஞ்சிபுரம்
ஜூன் 9

கர்த்தருக்குள் பிரியமான மகள் ஜெயப்ரியாவுக்கு,

அம்மா எழுதுவது. நீ அங்கே சுகமாக இருக்க வேண்டும் என்பதைத்தான் காலையில் கண் விழித்ததும் முதலில் கேட்கிறேன், மற்றதெல்லாம் அதற்கப்புறம்தான். நாங்களும் இங்கே சுகம் என்று அடுத்த வரியை எழுதியே எனக்குப் பழக்கம், இந்த முறை அந்த வரியில் பேனா நின்றுவிட்டது. அதனால் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், நின்றுகொண்டு படிக்காதே, உட்கார்ந்து படி. உன் அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்துப் பத்து நாள் ஆகிறது. உயிருக்கு ஆபத்து இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். இவ்வளவு நாள் நீ போன் செய்தபோதெல்லாம் அப்பா கடைக்குப் போயிருக்கிறார், அப்பா கூட்டத்துக்குப் போயிருக்கிறார் என்று நான் சொன்னதெல்லாம் பொய். கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டே சொன்ன பொய். அதற்காகக் கோபப்படு, ஆனால் முழுவதும் படித்துவிட்டுக் கோபப்படு.

போனில் சொல்ல முடியாததால்தான் எழுதுகிறேன். இந்த வார்டில் நான் பேசுவது பதினாறு கட்டிலுக்கும் கேட்கும், வீட்டில் இருந்தபோதோ உன் அப்பா ஸ்பீக்கரைப் போட்டு எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவார், தான் பேசமாட்டாராம், ஆனால் உன் குரலைக் கேட்க வேண்டுமாம். உன்னோடு நர்ஸ் வேலை செய்யும் நதியா தன் தம்பி கல்யாணத்துக்கு வாலாஜாபாத் வந்திருக்கிறாள் இல்லையா, வியாழக்கிழமை திரும்புகிறாளாம், அவளிடம் பருப்புப் பொடியோடு இதையும் கொடுத்தனுப்புகிறேன். நீயும் அப்பாவும் பேசி நான்கு மாதமாகிறது. அவர் பிடிவாதக்காரர் என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய், படித்த திமிர் என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார், இரண்டு பேரும் தப்பு. இந்தச் சண்டைக்கு விதை போட்டவள் நான். அதை உன்னிடம் சொல்லாமல் இனிமேல் என்னால் சோறு தின்ன முடியாது.

ஜனவரி ஒன்றாம் தேதி காலை ஆராதனை முடிந்ததும் நம் சபையில் வாக்குத்தத்த கார்டு கொடுப்பார்கள், உனக்குத் தெரியும். எவர்சில்வர் தட்டில் கவிழ்த்து வைத்திருப்பார்கள், ஆளுக்கு ஒன்று எடுக்க வேண்டும், எந்த வசனம் வருகிறதோ அதுதான் அந்த வருஷத்துக்குக் கர்த்தர் நமக்குக் கொடுத்த வாக்கு. அப்பா கண்ணாடி எடுத்து வரவில்லை, தன் கார்டை என்னிடம் கொடுத்து பையில் வைம்மா, வூட்ல படிச்சிக்கலாம் என்றார். நான் ஷேர் ஆட்டோவில் இரண்டையும் படித்தேன். எனக்கு வந்தது சுகம் தருவேன், காயங்களை ஆற்றுவேன் என்கிற வசனம். அவருக்கு வந்தது கிருபை போதும் என்கிற வசனம். எனக்கு அந்தப் போதும் என்ற வார்த்தை பிடிக்கவேயில்லை. அந்த டிசம்பரில் அவர் இருந்த நிலை உனக்குத் தெரியாது, சர்க்கரை முந்நூற்று எண்பது, காலையும் ராத்திரியும் ஊசி, கடையில் சேலை விரித்துக் காட்டும்போது கண் மங்குகிறது என்று யாரிடமும் சொல்லாமல் ஜரிகை நிறத்தைக் கையால் தடவிப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு நல்ல வார்த்தை கையில் இருந்தால் இந்த மனுஷன் கொஞ்சம் தெம்பாக இருப்பார் என்று தோன்றியது. வீட்டுக்கு வந்து அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எம் வசனம் எது என்று கேட்டபோது என்னுடையதை எடுத்துக் கொடுத்தேன். அவ்வளவுதான் நான் செய்தது. காய்கறிக்காரியிடம் சொத்தைக் கத்தரிக்காயை மாற்றிக் கேட்கிற மாதிரி செய்துவிட்டேன்.

அவர் படித்துவிட்டு அழுதார் ஜெயா. கல்யாணமான முப்பத்தோரு வருஷத்தில் அவர் அழுது நான் பார்த்தது நீ நாலு வயதில் மூளைக்காய்ச்சலில் கிடந்தபோது மட்டும்தான். அந்தக் கார்டைப் போன் கவருக்குள் வெளியே தெரிகிற மாதிரி செருகிக்கொண்டார். மறுநாளிலிருந்து இருபத்தோரு நாள் உபவாச ஜெபம் தொடங்கியது, நாளெல்லாம் பட்டினி கிடந்து பொழுது சாய்ந்ததும் ஒரு டம்ளர் கஞ்சி. நான் மாத்திரையை மட்டும் கஞ்சியோடு விடாமல் கொடுத்து வந்தேன். இருபத்திரண்டாம் நாள் ரத்தம் பார்த்தால் நூற்றுப் பதினெட்டு. சோறே தின்னாதவனுக்குச் சர்க்கரை எங்கிருந்து ஏறும் என்று இன்றைக்கு எனக்குத் தெரிகிறது, அன்றைக்கு நானும் ஸ்தோத்திரம் என்றுதான் சொன்னேன். சாட்சி ஞாயிறன்று எழுந்து நின்று கர்த்தர் எனக்கு வாக்கு குடுத்தாரு, இருபத்தோரு நாள்ல நிறைவேத்திட்டாரு என்று சாட்சி சொல்லி, ஊசிப் பெட்டியையும் ரத்தம் பார்க்கிற மெஷினையும் கொண்டுபோய் பிரசங்க மேடைமேல் வைத்துவிட்டார். யாரோ ஒருத்தர் லட்டு கொண்டு வந்து கொடுக்க, எல்லோர் முன்னாலும் முழு லட்டையும் தின்றார், சபையே கை தட்டியது. நான் கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த வாரம்தான் நீ வீடியோவில் வந்தாய். சாப்புடாம இருந்தா யாருக்குமே கொறையும்பா, ஊசிய நிறுத்தாதீங்க என்று நீ சொன்னதும், கர்த்தர் செஞ்சத உன் படிப்பால அழிக்கப் பாக்குறியா, அப்புடி ஒரு பொண்ணு எங்கிட்ட பேசவே வேணாம் என்று அவர் சொன்னதும் இன்னும் என் காதில் இருக்கிறது. நீ அழைப்பைத் துண்டித்ததும் அவர் போனைத் திருப்பி அந்தக் கார்டைத்தான் பார்த்தார். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லலாம் என்று எழுவேன், அடுப்பில் ஏதாவது பொங்கும், சரி நாளைக்கு என்று விட்டுவிடுவேன். அதற்குள் ஊரெல்லாம் தெரிந்துபோயிற்று. விசுவாசி வீடுகளுக்கு ஜெபிக்கப் போனால் ஐயாவுக்கு ரெண்டு ஸ்பூன் தூக்கலாவே போடும்மா, அவருக்குத்தான் சுகமாயிட்சே என்று டீ கொடுப்பார்கள். வேண்டாம் என்றால் விசுவாசம் இல்லை என்று ஆகிவிடுமே, அதனால் குடிப்பார். கேசரி, மைசூர்பாகு எதையும் விடவில்லை. நாலு மாதத்தில் நம் ஜனங்கள் அவருக்கு ஊட்டிய சர்க்கரையில் இரண்டு கல்யாணம் நடத்தலாம். அத்தனையும் அன்புதான், யாரைத் திட்டுவது.

நீ பாஸ்டரைத்தான் திட்டுவாய் என்று தெரியும். பாஸ்டர் வேல்முருகனுக்கு முப்பத்து நாலு வயசுதான், பெயரைக்கூட மாற்றாமல் ஊழியத்துக்கு வந்தவர், மனசு சுத்தம். மருந்தை நிறுத்து என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை, நிறுத்தாதே என்றும் சொல்லவில்லை. சுகமளிக்கும் கூட்டத்துக்கு அவரே தடித்த கண்ணாடியைப் போட்டுக்கொண்டுதான் வருகிறார், அதை யாரும் கவனிப்பதில்லை. நானும் அதிசயத்தை நம்பாதவள் இல்லை. நீ அன்றைக்குப் பிழைத்தது ஜெபத்தால்தான் என்று நான் சொல்வேன், அன்று டாக்டர் ஆறு மணி நேரத்துக்கு ஒரு தரம் ஊசி போட்டதையும் சொல்வேன், இரண்டையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்க எனக்குத் தோன்றியதே இல்லை. ஆனால் தேவகி அக்காவை நினைத்துப் பார். புருஷனுக்காக நாற்பது நாள் உபவாசம் இருந்தாள், அவர் போய்விட்டார், உனக்கு விசுவாசம் பத்தலை என்று துக்க வீட்டிலேயே சொன்னார்கள். அவள் சபைக்கு வருவதை நிறுத்தினாள். யாரும் போய்க் கூப்பிடவில்லை, நானும் போகவில்லை. செத்தவருக்கும் வலி, பிழைத்தவளுக்கும் வலி, இதில் குற்றம் வேறு. இதெல்லாம் எனக்குச் சலித்துவிட்டது ஜெயா. கர்த்தர் மேல் கோபமில்லை, கொஞ்சம் அலுப்பு, அவ்வளவுதான்.

ஏப்ரல் கடைசியில் கல்யாணச் சீசன், கடையில் நிற்க இடமில்லை. பட்டுக் கடையில் வெள்ளைத் துணி விரித்த மெத்தைமேல் வெறுங்காலோடுதான் நிற்க வேண்டும், உனக்குத் தெரிந்ததுதான். சேலையில் விலைச்சீட்டு குத்தியிருந்த குண்டூசி ஒன்று அவர் வலது கால் பெருவிரலுக்குக் கீழே ஏறியிருக்கிறது. அவருக்குத் தெரியவேயில்லை, பாதம் மரத்துப்போய் எவ்வளவு நாளோ. முதலாளி ராமலிங்கம்தான் வெள்ளைத் துணியில் வரிசையாகச் சிவப்புப் பொட்டு இருப்பதைப் பார்த்து, யாருப்பா மருதாணி வச்சுக்கினு நடக்குறது என்று கேட்டாராம். ஊசியை எடுத்துப்போட்டு, ஜெபித்த எண்ணெய் தடவி, வீட்டுக்கு வந்தும் சொல்லவில்லை. ஒரு வாரம் கழித்து வேட்டி துவைக்கும்போது வாடை அடித்துத்தான் எனக்குத் தெரிந்தது. ஆஸ்பத்திரிக்கு வாங்க என்றால், சாட்சி சொன்ன வாயோட அங்க போய் சீட்டு வாங்கி நிக்க மாட்டேன், நாலு பேரு பாத்தா கர்த்தர் நாமம் தூஷிக்கப்படும் என்றார். நான் தினமும் உப்பு போட்டுக் காய்ச்சிய வெந்நீரில் கழுவினேன். சத்துணவுக்கூடத்தில் எண்பது பிள்ளைகளுக்குச் சாம்பார் கலக்கிவிட்டு வந்து இவர் காலைக் கழுவுவேன், பள்ளிக்கூடம் லீவு விட்டபிறகு நாளுக்கு மூன்று தரம் கழுவினேன். விரல் முதலில் நீலமானது, பிறகு கறுத்தது. உன்னிடம் போட்டோ அனுப்பலாம் என்று எத்தனை தரம் எடுத்தேன், அனுப்பினால் நீ உடனே அவரிடம் கத்துவாய், அவர் இன்னும் இறுகிக்கொள்வார் என்று அழித்துவிட்டேன். அது என்னுடைய இரண்டாவது தப்பு.

கடைசியில் ஒரு மத்தியானம் தைரியம் வந்து உண்மையைச் சொன்னேன். அந்தக் கார்டு உங்களுது இல்ல, நான் எடுத்தது, மாத்திக் குடுத்துட்டேன் என்றேன். அவர் என்ன செய்தார் தெரியுமா, சிரித்தார். கர்த்தர் உங்கையாலயே எனக்கு மாத்திக் குடுத்திருக்காரு, நீ செஞ்சதுன்னு நெனச்சிக்கினு இருக்கியா என்றார். இந்த மனுஷனிடம் குற்றத்தைக்கூட ஒப்புக்கொள்ள முடியவில்லையே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. போய்ப் பாத்திரம் துலக்கினேன், வேறென்ன செய்ய.

அதற்கு மூன்றாம் நாள் கருட சேவை. ஊரே வரதர் வீதி உலா வருவதைப் பார்க்கப் போயிருக்கிறது, எங்கும் மேளமும் வெடியும், இவருக்குக் குளிர்காய்ச்சல், பல் கிட்டுகிறது, கண்ணைத் திறக்கவில்லை. அப்போதுதான் அவருடைய சொந்தக் கார்டு எனக்கு நினைவு வந்தது. தூக்கிப் போட மனம் வராமல் கேஸ் சிலிண்டர் புத்தகத்துக்குள் வைத்திருந்தேன். எடுத்துக்கொண்டு வந்து, அவரை எழுப்பி உட்காரவைத்து, கையில் வைத்து, இதுதான் நீங்க எடுத்தது, படிங்க என்றேன். கண்ணாடியைப் போட்டுவிட்டேன். ஜெயா, அந்த வசனம் எப்பேர்ப்பட்டது என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. அவர் வேதம் கரைத்துக் குடித்தவர், அவருக்குத் தெரியும். ஒரு அப்போஸ்தலனுக்கு உடம்பில் ஏதோ ஒரு முள் இருந்ததாம், அதை எடுத்துப் போடு என்று மூன்று தரம் கெஞ்சினாராம், கர்த்தர் எடுக்கவில்லையாம், எடுக்காமலே என் கிருபை உனக்குப் போதும் என்றாராம். அவ்வளவு பெரிய பக்தனுக்கே சுகம் இல்லை என்று சொல்லிக் கொடுத்த வசனம் அது. அவர் ரொம்ப நேரம் கார்டைப் பார்த்தார், பிறகு இத்த எப்ப எடுத்தேன் என்று கேட்டார். ஜனவரி ஒண்ணு என்றேன். உடனே என்னைப் பார்த்துக் கத்தினார், காய்ச்சலில் அவ்வளவு சத்தம் எங்கிருந்து வந்ததோ, எனக்கு வந்த கடுதாசிய அஞ்சு மாசமா நீ ஒளிச்சி வச்சிக்கினு இருந்தியா, அவரு எடுக்கமாட்டேன்னு சொல்லிட்டாருடி, நான் எடுத்துட்டாருன்னு மேடை ஏறி சொல்லிட்டேனே என்று கத்தினார். கத்தி முடித்துவிட்டு மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தார். அப்புறம் தணிந்த குரலில் ஆஸிம கூப்புடு என்றார்.

எதிர் வீட்டு ஆஸிம் ஆட்டோவை எடுத்துவந்து, பெரிய வீதிகளெல்லாம் கூட்டம் என்று சந்து சந்தாக நுழைந்து, அம்மா காலைக் கெட்டியா புடிச்சிக்கோங்க என்று சொல்லிக்கொண்டே கொண்டுவந்து சேர்த்தான். மறுநாள் பெருவிரலையும் அடுத்த விரலையும் எடுத்துவிட்டார்கள். பாதம் தப்பிவிட்டது, சதை சிவப்பாக வளர்கிறது, அது நல்லதாம், உனக்குப் புரியும். ஊசி இப்போது மூன்று வேளை. பாஸ்டர் வந்தார், மேடைமேல் வைத்த ஊசிப் பெட்டியை ஒரு கேரி பேக்கில் போட்டுக் கொண்டுவந்திருந்தார், என்ன செய்வதென்று தெரியாமல் இத்தனை மாதமும் பீரோவில் வைத்திருந்தாராம். மருந்தெல்லாம் கெட்டுப்போயிற்று, மெஷின் வேலை செய்கிறது. அப்பாவின் காலைப் பார்த்துவிட்டுப் பாஸ்டர் வாய் விட்டு அழுதார், நான்தான் தேற்ற வேண்டியிருந்தது. தேவகி அக்காவும் வந்தாள். ஒரு தூக்கு நிறைய ரசம் சாதம் வைத்துவிட்டுப் போனாள். நான் அவள் வீட்டுத் துக்கத்தில் ஒரு வாய் தண்ணீர்கூடக் கொடுத்ததில்லை.

அப்பா மட்டும் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. சாப்பிடச் சொன்னால் சாப்பிடுவார், திரும்பச் சொன்னால் திரும்புவார், அவ்வளவுதான். நேற்று மத்தியானம் போன் கவரைக் கழற்றி அந்தச் சுகம் தருவேன் கார்டை எடுத்து என் மடியில் வைத்தார். இது ஒனக்கு வந்தது, அப்ப ஒனக்குத்தான ஏதோ நோவு, என்னா நோவு சொல்லு என்றார். இந்த மாதிரி ஒரு கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. ஒண்ணுமில்லைங்க, அசதிதான் என்றேன். எத்தினி நாளா என்றார். யோசித்துப் பார்த்தேன், எந்த வருஷம் என்று சொல்ல முடியவில்லை, ஜெயா பொறக்கறதுக்கு முன்னாலர்ந்து இருக்கும் என்றேன். உடனே அவர் கட்டுப் போட்ட காலைத் தூக்கிக் கீழே இறக்கி ஸ்டூலுக்கு மாறி உட்கார்ந்து, கட்டிலைத் தட்டி, படு என்றார். யாராவது பார்த்தால் சிரிப்பார்கள் என்றேன், கேட்கவில்லை. படுத்தேன். தலையணையில் மருந்து வாடை, மேலே மின்விசிறி கடகடவென்று ஓடுகிறது, நான் எப்போது தூங்கினேன் என்றே தெரியாது. நர்ஸ் வந்து இங்க யாருமா பேஷண்ட்டு என்று அதட்டியபோதுதான் விழித்தேன். இரண்டரை மணி நேரம் ஆகியிருந்தது.

விழித்தபோது உன் அப்பா ஸ்டூலில் அப்படியேதான் உட்கார்ந்திருந்தார். கையில் போன், திரையில் உன் பெயர், அழுத்தவில்லை. வெளிச்சம் போனால் தட்டுவார், மறுபடி போகும், மறுபடி தட்டுவார். எவ்வளவு நேரம் அப்படி இருந்தாரோ. ஏன், கூப்பிட வேண்டியதுதானே என்றேன். நீ சொன்னதுதான் சரி பாப்பான்னு பேச்ச எப்புடி ஆரம்பிக்கிறதுன்னு தெர்லம்மா என்றார். வரும் மாதம் சாட்சி ஞாயிறில் எழுந்து சபைக்கு உண்மையைச் சொல்லப்போகிறாராம், அதற்கு அவருக்குப் பயமில்லையாம். நானும் கூட நின்று கார்டு விஷயத்தைச் சொல்ல வேண்டும், எனக்கு அது பயம்தான், ஆனாலும் நிற்பேன். அவருக்குப் பயம் உன்னிடம்தான்.

ஆகையால் நீயே கூப்பிடு மகளே. சர்க்கரை எவ்வளவு என்று முதலில் கேட்காதே, நான் அப்பவே சொன்னேனே என்று கடைசியிலும் சொல்லாதே, நர்ஸாக இல்லாமல் மகளாகக் கூப்பிடு. உன் ஆத்திரத்தையெல்லாம் எனக்கு எழுது, எனக்குத்தான் அது சேர வேண்டும், வாங்கிக்கொள்கிறேன். நைட் டியூட்டி முடிந்து வெறும் வயிற்றோடு படுக்காதே, அந்த ஊர்க் குளிரில் ஈரத்தலையோடு வெளியே போகாதே, பருப்புப் பொடியைக் காற்றுப் படாமல் மூடி வை. உன்னைக் காக்கிற கர்த்தர் உன் போக்கிலும் வரத்திலும் கூட இருப்பார், என் பிள்ளை நெடுநாள் நன்றாக இருக்க வேண்டும். சாயங்காலம் ஐந்து மணிக்குக் கட்டு மாற்றிவிடுவார்கள், அதற்கப்புறம் அவர் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டிருப்பார், அந்த நேரம் பார்த்துக் கூப்பிடு.

உன்னிடம் மன்னிப்புக் கேட்கும்
உன் அம்மா
பெரியநாயகி